எழுநூறு அடியில் ஒரு குரல்

7 மார்ச் 2025, வெள்ளி இரவு

வீட்டுக் கணினியிலுள்ள விமானச் சிமுலேட்டரில் இன்று மூன்று முறை கேரளத்தின் கண்ணூரில் இறங்கினேன். மூன்று முறையும் ஓடுதளம் கண்ணெதிரே விரிந்திருக்கும்போது அதே குரல்: “டூ லோ, டெரெய்ன்” (நிலத்துக்கு மிகத் தாழ்வு). நான் ஓட்டுவது போயிங் 737-800. கடல் பக்கமிருந்து 07 ஓடுதளத்துக்கு வருகிறேன். சக்கரங்கள் இறங்கிவிட்டன, ஃபிளாப் (இறக்கை மடல்) 30, நிமிடத்துக்கு 750 அடி இறக்கம். ஓடுதளத்தின் ஓரத்தில் சரிவைக் காட்டும் விளக்குகள் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. சரிவில் எள்ளளவும் பிசகில்லை. ஆனாலும் விமானம் என்னை நம்ப மறுக்கிறது.

பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, அந்தக் குரலை நிறுத்திவிடுங்களேன்” என்றாள். நிறுத்தலாம். துணை விமானியின் பக்கத்துப் பலகையில் அதற்கென்றே மூடி போட்ட சுவிட்ச் இருக்கிறது. கை அங்கே போகவும் போனது. ஆனால் 2010 மே 22 அன்று மங்களூரில் இதே வகை விமானம் இறங்கியபோது “சிங்க் ரேட்” (இறங்கும் வேகம்), “புல் அப்” (மேலே தூக்கு) என்று எச்சரிக்கைகள் ஒலித்துக்கொண்டே இருந்தன. 158 பேர் இறந்தார்கள். அதைப் படித்த பிறகு, காரணம் தெரியாமல் இந்தக் குரலை அடக்க எனக்கு மனம் வருவதில்லை, பாவனை விமானமாகவே இருந்தாலும்.

8 மார்ச்

குரல் சொல்லும் வார்த்தையிலிருந்தே தொடங்கினேன். தரை நெருக்க எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒவ்வொரு வார்த்தை வைத்திருக்கிறது. வேகமாக இறங்கினால் “சிங்க் ரேட்”. புறப்பட்டவுடன் உயரம் இழந்தால் “டோன்ட் சிங்க்”. சறுக்குப்பாதைக்குக் கீழே போனால் “கிளைட் ஸ்லோப்”. சக்கரத்தை மறந்தால் “டூ லோ, கியர்”, ஃபிளாப்பை மறந்தால் “டூ லோ, ஃபிளாப்ஸ்”.

முதலில் ஃபிளாப் நெம்புகோலைத்தான் சந்தேகித்தேன். என் மேசையில் இருப்பது பழைய கருவி, சில நேரம் ஒரு படி பிசகும். ஆனால் ஃபிளாப் குறைந்திருந்தால், இந்த வேகத்தில் 245 அடிக்குக் கீழே வந்த பிறகுதான் கருவி வாய் திறக்க வேண்டும், அதுவும் வேறு வார்த்தையில். எனக்குக் கேட்பதோ அதற்கு வெகு மேலே. நெம்புகோல் குற்றமற்றது.

9 மார்ச்

நிலக்காட்சிக் கோப்புகளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. பலனில்லை.

12 மார்ச்

பறப்பைப் பதிவு செய்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். குரல் கேட்கும் ஒவ்வொரு நொடியிலும் ரேடியோ ஆல்டிமீட்டர் காட்டிய எண்ணைக் குறித்தேன். அது கடல் மட்டத்தைக் கணக்கில் கொள்ளாது. வயிற்றிலிருந்து வானொலி அலையைக் கீழே அனுப்பி, காலடியில் இருக்கும் நிலத்தை மட்டும் அளக்கும்.

696. 557. 447.

நோட்டில் எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் முந்தையதில் ஐந்தில் நான்கு! முதலாவது ஏறக்குறைய 700. கையேட்டில் இது இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒருமுறை எச்சரித்த பிறகு, உயரம் மேலும் 20 சதவீதம் குறையும்போதெல்லாம் மறுபடி எச்சரிக்கும். அருகில் உள்ள ஓடுதளம் 15 கடல் மைலுக்கு அப்பால் இருந்தால், 700 அடிக்குக் கீழே விமானத்துக்கு வேலையில்லை.

15 கடல் மைலுக்கு அப்பாலா? ஓடுதளம் என் மூக்குக்கு நேரே இருக்கிறதே!

13 மார்ச்

விடை கிடைத்தது. கண்ணூர் விமான நிலையம் மட்டனூரில் 2018 டிசம்பர் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. விமானக் கோப்புறைக்குள் எச்சரிக்கைக் கருவிக்கென்று தனி ஓடுதளப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதன் தலைப்பில் 2017 என்று இருந்தது. கருவிக்கு அங்கே வெறும் மலைச்சரிவுதான் தெரியும். அது அறிந்த ஓடுதளங்களில் கோழிக்கோட்டின் கரிப்பூர் சுமார் 97 கிலோமீட்டர், மங்களூர் சுமார் 136 கிலோமீட்டர்.

நான் ஏமாந்த இடம் இதுதான்: 28 நாளுக்கு ஒருமுறை வரும் வழிகாட்டித் தரவைத் தவறாமல் புதுப்பித்துவிடுகிறேன். வழிகாட்டிக் கணினி கண்ணூரை அறிந்திருந்ததால், விமானம் முழுவதும் அறிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். உண்மையான விமானங்களிலும் இவை இரண்டும் தனித்தனித் தரவுகள்.

இந்தக் கருவியை உருவாக்கிய டான் பேட்மேனின் நினைவு வந்தது. 2023-இல் தமது 91-ஆம் வயதில் இறந்தார். அவருடைய முதல் கருவி காலடியை மட்டுமே பார்த்தது. செங்குத்தாக எழும் மலை முன்னால் இருந்தால் எச்சரிக்கை கடைசி நொடிகளில்தான் வரும். அதைப் போக்க உலகத்தின் நில வரைபடம் தேவைப்பட்டது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு, அவர்கள் திரட்டி வைத்திருந்த நிலத் தரவுகளை விலைக்கு வாங்கித்தான் அடுத்த கருவியைச் செய்தார். அத்தனை அருமையாகச் சேர்த்த தரவை நான் ஏழெட்டு ஆண்டுகள் தூசி தட்டாமல் வைத்திருந்திருக்கிறேன்.

14 மார்ச்

என் கணிப்பு சரியென்றால் கோவாவின் மோபாவிலும் குரல் கேட்க வேண்டும். அங்கே விமானங்கள் வரத் தொடங்கியது 2023 ஜனவரியில். போனேன். 700 அடியில் கேட்டது. பழைய நிலையமான கோயம்புத்தூரில் அமைதி.

15 மார்ச்

பட்டியலில் இரண்டு நிலையங்களையும் சேர்த்தேன். ஓடுதளத்தின் இரு முனைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், அவ்வளவுதான்.

மாலையில் கண்ணூர். 700 அடி கடந்தது, 560 கடந்தது. “ஃபைவ் ஹண்ட்ரட்” என்ற வழக்கமான அறிவிப்பு மட்டும். தொட்டு இறங்கினேன்.

இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. குரலைச் சரிசெய்தேனா, ஊமையாக்கிவிட்டேனா என்று தெரிய வேண்டும். மறுபடி ஏறிச் சுற்றி வந்து, ஓடுதளத்துக்கு ஐந்து கடல் மைல் இருக்கும்போதே வேண்டுமென்று தாழ்ந்தேன். அந்தத் தூரத்தில் வரம்பு 400 அடி. தென்னந்தோப்புகள் மேலெழுந்து வந்தன. 450. 420. மகள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“டூ லோ, டெரெய்ன்.”

எஞ்சின் விசையை முழுவதும் முன்னால் தள்ளி மூக்கைத் தூக்கினேன்.