கொடுமுடியில் 150 ரூபாய் ஏமாந்த கதையும் கே.பி.எஸ். குரலும்

முதலில் பணக் கணக்கை முடித்துவிடுகிறேன். இல்லையென்றால் எழுத எழுத அதுவே வயிற்றெரிச்சலாக முன்னால் வந்து நிற்கும். கொடுமுடி சின்ன ஊர். பஸ் நிற்கும் இடம், ரயில்வே ஸ்டேஷன், கோயில், காவிரிப் படித்துறை எல்லாமே நடக்கிற தூரம்தான். அந்த ஊரில் நான் ஆட்டோவுக்கு 150 ரூபாய் கொடுத்தேன். கேட்டது 250. பேரம் பேசிக் குறைத்துவிட்டோம் என்று மனசுக்குள் மீசையை வேறு முறுக்கிக்கொண்டேன்.

ஈரோட்டில் ஒரு கல்யாணம். மறுநாள் திருச்சி திரும்ப வேண்டும். வழியில்தானே கொடுமுடி, பாடகி, நடிகை கே.பி.சுந்தராம்பாள் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் கார்த்திகை, தைப்பூசம் என்றால் அம்மா முதலில் தேடுவது கே.பி.எஸ். கேசட்டைத்தான். அப்புறம்தான் விளக்குக்குத் திரி. மொய் எழுதியது போக கையில் 600 ரூபாய் இருந்தது. அதற்குள் எல்லாம் முடியவேண்டும் என்பது திட்டம். பஸ், ரயில் விவரமெல்லாம் கடைசியில் வரிசையாகத் தருகிறேன்.

காலையில் ஒரு தனியார் பஸ். ஜன்னல் சீட் கிடைத்ததே என்று ஓடிப் போய் உட்கார்ந்தால் தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர். பாட்டு காதில் விழவில்லை, மண்டையில் விழுந்தது. என்ன பாட்டு, யார் பாடினார்கள், ஒன்றும் தெரியவில்லை. இடி மட்டும். "அண்ணா, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க" என்றேன். கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையில், டிக்கெட் வாங்கியதே தப்போ என்று இருந்தது. "டிரைவர் தூங்கிருவாருங்க" என்றார். அதற்கு மேல் யார் பேசுவது? முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ, கரூர் ரோட்டின் இரண்டு பக்கமும் கரும்பும் வாழையும் தென்னையும் ஓடின. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

இறங்கியதும் அந்த ஆட்டோ. பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "கே.பி.சுந்தராம்பாள் இருந்த வீடு, அவங்க கட்டின தியேட்டர், அப்புறம் கோயில், எல்லாம் பாக்கணும். தெரியுமா தம்பி?"

"தெரியாம என்னங்க, ஏறுங்க."

ஒரு தெரு, இன்னொரு தெரு, மறுபடி முதல் தெரு. கடைசியில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினான். வேட்டி கட்டிய ஒருவர் வெளியே வந்து, "ராகு கேதுவா, கல்யாணத் தடையா?" என்றார். எனக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருஷம். பெண் பத்தாம் வகுப்பு. பரிகாரம் என்றால் அதற்கு வேண்டுமானால் செய்துகொள்ளலாம். கொடுமுடிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பாதிப்பேர் நாக தோஷத்துக்காக வருகிறவர்கள் என்பதால், சட்டை கசங்கி முகம் வாடி வருகிற ஆளைப் பார்த்தால் அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள்போல. என் முகம் அந்த பஸ்ஸில் அப்படி ஆகியிருந்தது.

கோபத்தோடு போனை எடுத்து சுந்தராம்பாள் படத்தைத் தேடிக் காட்டினேன். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைச் சேலை, கழுத்தில் உருத்திராட்சம். பையன் முகம் மலர்ந்தது. "அட, ஔவையாருங்க!"

அந்த இடத்தில் எனக்குக் கோபம் போய்விட்டது. அவனை எப்படித் திட்டுவது? தமிழ்நாட்டில் பாதிப்பேருக்கு ஔவையாருக்கு வேறு முகமே கிடையாது. 1953-ல் ஜெமினி வாசன் எடுத்த 'ஔவையார்' வந்த நாளிலிருந்து இந்த முகம்தான். பிறகு 'திருவிளையாடல்' 1965, 'கந்தன் கருணை' 1967 என்று அதே கோலத்தில் வந்து முத்திரையே குத்திவிட்டார். சங்ககால ஔவை எப்படி இருந்தாரோ, எனக்கும் அந்தப் பையனுக்கும் அவர் கொடுமுடிக்காரர்தான். சொந்த ஊரில் பெயர் போய்விட்டது, முகம் நின்றுவிட்டது. ஆனாலும் 150 ரூபாய் 150 ரூபாய்தான். வாங்கிக்கொண்டுதான் போனான்.

கோயிலைச் சீக்கிரம் முடிக்கிறேன். மகுடேசுவரர் கோயில், ஒரே வளாகத்தில் வீரநாராயணப் பெருமாளும் உண்டு. வன்னி மரத்தடியில் மூன்று முகத்தோடு பிரம்மா. சுந்தரர் "நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே" என்று பாடியது இங்கேதான். பங்குனி உத்திரத்துக்குப் பழநிக்குப் போகிறவர்கள் இந்தக் காவிரித் தண்ணீரைத்தான் தீர்த்தக் காவடியாக எடுத்துப் போகிறார்கள். குடத்தில் வன்னி இலை போட்டால் தண்ணீர் கெடாது என்று நம்பிக்கை. தெற்கே வருகிற காவிரி கிழக்கே திரும்புகிற இடத்தில் படித்துறை. நான் போனபோது வெயில் ஏறிவிட்டது. படியில் பழைய துணி, எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் கவர். தோஷத்தைக் கழிக்கிறேன் என்று துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு தோஷம் வரவேண்டும்.

இந்தப் படித்துறையில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது. சுந்தராம்பாளின் அம்மா பாலாம்பாள், வறுமை தாங்காமல் பிள்ளைகளோடு ஆற்றில் விழுந்துவிடலாமா என்று நினைத்த நாளெல்லாம் உண்டு என்று அவர் கதையில் சொல்வார்கள். 1908-ல் பிறந்த குழந்தை. ரயிலில் பாடிக் காசு வாங்கியது என்பதும் அதே கதையில் வரும். ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச அய்யர் அப்படி ஒரு நாள் குரலைக் கேட்டு, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார் என்று ஒரு கதை. போலீஸ் அதிகாரி ஒருவர் கேட்டுச் சிபாரிசு செய்தார் என்று இன்னொரு கதை. எனக்கு ரயில் கதைதான் பிடிக்கும். நான் திரும்பப் போவதும் அதே தண்டவாளம்.

சரி, சாப்பாடு. இதற்காகவே இன்னொரு தடவை கொடுமுடி போவேன். கோயில் பக்கத்துச் சந்தில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு மெஸ். நாலு பெஞ்சு. "அரிசிம்பருப்பு இருக்குதுங்க, சாப்பிடறீங்களா?" கொங்கு நாட்டுக்காரர்கள் இதைப் பெரிசாகவே சொல்லமாட்டார்கள். அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் ஒன்றாக வெந்த சாதம், அவ்வளவுதான் என்பார்கள். இலையில் ஆவி பறக்க வைத்து, நடுவில் குழி பறித்து நெய்யை விட்டார் அந்த அக்கா. மஞ்சள் வாசனை. ஈரோட்டு மஞ்சள், சும்மாவா? தொட்டுக்கொள்ள அப்பளம், மாங்காய் ஊறுகாய், தயிர். நான் மூன்று தடவை வாங்கினேன். மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருந்தது. அக்காவே, "வெக்கப்படாதீங்க, பசிக்கு என்ன வெக்கம்" என்று போட்டுவிட்டுப் போனார். 80 ரூபாய். ஆட்டோவில் பாதிதான்!

நாடகக் கம்பெனியில் சேர்ந்த சின்னப்பெண்ணுக்கு முதலில் கிடைத்தது 'நல்லதங்காள்' நாடகத்தில் பிள்ளை வேஷம், பசிக்குதே என்று அழுது பாடுகிற பாட்டு. அந்தப் பாட்டுக்கு ஒத்திகை எதற்கு?

பக்கத்து இலையில் ஒரு பெரியவர். கதர்த் துண்டு. நான் போனில் அந்தப் படத்தையே வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "அந்தம்மாவைத் தேடி வந்தீங்களா? இப்ப எல்லாரும் ராகு கேதுவைத் தேடித்தான் வர்றாங்க" என்றார். அந்தம்மா கட்டிய கொட்டகையில் சின்ன வயதில் மண் தரையில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறாராம். காந்தி கொடுமுடிக்கு வந்தபோது தங்கத் தட்டில் சாப்பாடு போட்ட கதையையும் ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அவர் சொல்லும்போது தடுக்க மனசு வரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று காந்தி கேட்க, அந்தம்மா தட்டையே கொடுத்துவிட, அது ஏலத்துக்குப் போய் நிதியில் சேர்ந்தது. "குடுத்தாங்க பாருங்க, ரயில்ல காசு வாங்குன கை" என்றார் பெரியவர், மோரைக் குடித்துக்கொண்டே. இந்த ஒரு வரிக்கே அவருடைய சாப்பாட்டுக்கும் நான் பணம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பட்ஜெட் இடித்தது.

பிற்பகல் பாசஞ்சர் வண்டி. திருச்சிக்கு டிக்கெட் முப்பது ரூபாய்க்குள். உலகத்திலேயே நியாயமான வியாபாரம் இந்திய ரயில்வேயின் பாசஞ்சர் டிக்கெட்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். கூட்டம் அதிகமில்லை. எதிரே ஒரு பாட்டி, மஞ்சப்பை, மடியில் வெற்றிலைக் கட்டு. மேலே சாமான் பலகையில் ஒருவர் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கினார். ஜன்னல் ஷட்டர் கடகடவென்று ஆடியது. இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

இயர்போனைத் தேடினால் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. காலையில் பஸ்ஸில் பட்ட பாட்டுக்கு, அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சத்தத்தைக் குறைத்து போனிலேயே போட்டேன். 'பழம் நீயப்பா'. என் போனுக்கு ஆறு வயது, ஸ்பீக்கர் கொசு மாதிரி. ஆனால் அந்த ஷட்டர், சக்கரம், கைப்பிடிச் சங்கிலி எல்லாச் சத்தத்தையும் தாண்டி அந்தக் குரல் வந்தது. பஸ்காரர் அவ்வளவு பெரிய ஸ்பீக்கரை வைத்தும் ஒரு சொல் விளங்கவில்லை. இங்கே ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது. ழகரம் ழகரமாக, ஞகரம் ஞகரமாக.

யோசித்தால் அது அப்படிப் பழகிய குரல். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசையில் தரைடிக்கெட் வாங்கியவனுக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கூச்சல், சில நாள் கல். இலங்கைக்குப் போய்க் கொழும்பு மேடைகளில் பெயர் வாங்கியதும் இந்தத் தொண்டையால்தான். அங்கேதான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா வந்து சேர்ந்தார். அவர் எட்டுகிற உச்சத்துக்கு ஈடுகொடுத்துப் பாட இன்னொருவர் வேண்டுமென்றால் இவர்தான். 'வள்ளி திருமணம்' போட்டால் கொட்டகை நிரம்பியது. 1927-ல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. மேடையில் சேர்ந்த அளவுக்கு வீட்டில் சேரவில்லை. அவருக்கு இவர் எழுதிய கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன, படித்தால் அன்று தூக்கம் வராது. 1933 டிசம்பரில் கிட்டப்பா போய்விட்டார். இவருக்கு வயது 25. அன்று கட்டியதுதான் வெள்ளைச் சேலை, 1980-ல் கண் மூடுகிறவரை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் வேறு. இதைப் பலர் பத்தினித்தனம் என்று மெச்சி எழுதுவார்கள். எனக்கு அந்த மெச்சுதல் பிடிப்பதில்லை. 25 வயதுப் பெண்ணுக்கு அந்த ஊரும் அந்தக் காலமும் வேறு என்ன வழி வைத்திருந்தன?

ஆனால் அந்தச் சபதத்துக்குள்ளேயே அவர் செய்த வேலை இருக்கிறதே! ஆணோடு நடிக்கமாட்டேன் என்றவர் 1935-ல் ஆணாகவே நடித்தார். 'நந்தனார்', சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். 1935-ல் ஒரு லட்சம்! நான் இங்கே 150-க்குப் புலம்பிக்கொண்டிருக்கிறேன். மகாராஜபுரம் விசுவநாத அய்யர் வேதியராக வந்தார். நடிப்பைக் கல்கி கிழித்துத் தொங்கவிட்டார், படத்தில் பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருக்கின்றன என்கிற மாதிரி. இருக்கலாம். அவர் நடிகையாகத் தேறியது பிற்பாடுதான். 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாக நடிக்க, நெற்றியில் திருநீறு இல்லாமல் வரமாட்டேன் என்று கலைஞரிடமே அடம் பிடித்தார் என்பார்கள். சமணத் துறவிக்குத் திருநீறா என்று கேட்கலாம்தான். கே.பி.எஸ்.ஸிடம் யார் கேட்பது? சினிமாவிலிருந்து சட்ட மேலவைக்குள் முதலில் காலெடுத்து வைத்தவர். 'துணைவன்' பாட்டுக்குத் தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. மொத்தப் படங்கள் ஒரு டஜன் சொச்சம், அவ்வளவுதான்.

நொய்யல் ஸ்டேஷன் போனது. பாட்டி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "கொஞ்சம் பெருசா வை கண்ணு" என்றார்.

"முழுசா வச்சாச்சுங்க. அவ்வளவுதான் இந்த போன்."

"பரவால்ல, கேக்குது."

அடுத்து 'ஞானமும் கல்வியும்' போட்டேன். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு, உதட்டை மட்டும் அசைத்தார். புகளூரில் இறங்கும்போது கட்டிலிருந்து நாலு வெற்றிலை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு வெற்றிலை பழக்கமில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பஸ், ரயில் நேரம் வரிசையாகத் தருகிறேன் என்று சொன்னேன் இல்லையா. குறித்து வைத்ததெல்லாம் போனில்தான் இருந்தது, கரூருக்கு முன்னால் சார்ஜ் போய் அணைந்துவிட்டது. பாட்டு பாதியில் நின்றது. மேலே சாமான் பலகையில் இருந்தவர் துண்டை விலக்கித் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, நிறுத்திட்டீங்க?"