கருத்து என்னோடது மேம்

"கருத்து என்னோடது மேம், இங்கிலீஷ்தான் அதோடது."

அவள் சொன்னது இவ்வளவுதான். நான் உடனே, "அப்போ மார்க்கையும் அதுக்கே போட்டுடவா?" என்று கேட்டேன். ஸ்டாஃப் ரூமில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒன்றரை வருடம் ஆகிறது. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சுற்றுச்சூழல் பாடத்துக்கான அசைன்மென்ட் அது. சொந்த ஊர் நீர்நிலை ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி, ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் யாருடையது என்றே தெரியாது. இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டேன். இவளுடையதில் 84 சதவீதம் இயந்திரம் எழுதியது என்று காட்டியது. 11 பேருக்குப் பூஜ்யம். மற்ற 10 பேரும் பேசாமல் போய்விட்டார்கள். இவள் மட்டும் வந்து நின்றாள். அன்றைக்கு அது எனக்குத் திமிராகத் தெரிந்தது.

என் பக்கமும் நியாயம் உண்டு. கேட்டதை எழுதித் தரும் சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வருவதற்கு முன், அசைன்மென்ட் கொடுத்த மறுநாளே வராந்தாவில் மடக்கிச் சந்தேகம் கேட்பார்கள். அரைகுறையாக எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்த அரைகுறையில்தான் எனக்கு வேலையே இருந்தது. எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்று தெரியும், அங்கே பிடித்துக்கொள்ளலாம். இப்போது எல்லாமே வழவழவென்று முடிந்து வருகிறது. பிடிக்க இடமில்லை. அந்த ஆற்றாமையைத்தான் அவள்மேல் கொட்டினேனோ என்னவோ.

அப்புறம்தான் இந்தக் கருவிகளைப் பற்றிப் படித்தேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ, தான் வெளியிட்ட கண்டறியும் கருவியையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேல் இயந்திரம் எழுதியது என்று வந்திருக்கிறது. எளிய, பழகிய சொற்களில் எழுதினாலே சந்தேகம் விழுகிறது. ஆனால் இது இவளுக்குப் பொருந்தாது. ஆங்கிலம் தன்னுடையதில்லை என்று இவளே ஒப்புக்கொண்டாளே. கருவி இவள் விஷயத்தில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பிறகு எனக்கு என்ன உறுத்தல்?

உறுத்தல் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. செமஸ்டர் முடிவில் ஃபைல் அடுக்கும்போது அதை மறுபடி புரட்டினேன். மறுபடி என்பதுகூடப் பொய். முதல் தடவை அந்தப் பக்கம்வரை நான் போகவே இல்லை. அவள் தாத்தா அந்த ஏரிக்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். தண்ணீர் குறைந்த வருடங்களில் கடைமடை வயல்களுக்கு முதலில் முறை வைப்பாராம். மேலே இருப்பவர்கள் எப்படியும் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. இது எந்த மென்பொருளுக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

வாக்கியம் கட்டத் திணறும்போதுதான் யோசனை தெளியும் என்று இன்றும் நம்புகிறேன். அந்தத் திணறலை அவள் தவிர்த்துவிட்டாள். சரி, பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியத்தில் படித்தவளுக்குத் திணறல் யோசனையில் இல்லை, மொழியில் மட்டும்தான் என்றால்? தமிழில் எழுதிக் கொண்டுவா என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் தோன்றவில்லை?

இன்டர்னல் மார்க் ஏற்றுவதற்கு முன் பூஜ்யத்தை 8 ஆக்கினேன். மற்ற பத்துப் பேருடையதை முழுதாகப் படித்தேனா என்று கேட்டால், இல்லை.

முன்பு பாதி வகுப்பில் கை தூக்குகிறவள் அவள். இப்போது "சந்தேகம் இருக்கா?" என்றால் நோட்டைப் பார்க்கிறாள். ராத்திரி ஹாஸ்டலில், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, எல்லாவற்றையும் அதனிடமே கேட்டுக்கொள்கிறாளாம். அவள் தோழிதான் சொன்னாள்.

மார்க் மாறியதை அவள் பார்த்திருப்பாள். அதைப் பற்றியும் என்னிடம் கேட்கவில்லை.