மலாவி தரவில் ஆய்வேடு எழுதுகிறீர்களா? வைவாவுக்கு முன் இதைப் படியுங்கள்

என் வைவா (ஆய்வேட்டின் மேல் நடக்கும் வாய்மொழித் தேர்வு) முடிவு வந்துவிட்டது. சின்னத் திருத்தங்களோடு பாஸ். ஆப்பிரிக்க நாடான மலாவியின் குடும்பக் கணக்கெடுப்புத் தரவை வைத்து உணவுப் பாதுகாப்பு பற்றி எழுதுகிறவர்களுக்காக இது. மாடல், இலக்கிய மீளாய்வு எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். அலகுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு முதல் கேள்வியே, "இந்த வீட்டில் எத்தனை கிலோ விளைந்தது என்று எப்படித் தெரியும்?" என்பதுதான். அங்கே விவசாயிகள் பெரும்பாலும் கிலோவில் பதில் சொல்வதில்லை. 50 கிலோ மூட்டை, சின்ன வாளி, பெரிய வாளி, கூடை, மாட்டு வண்டி என்றுதான் சொல்வார்கள். மூட்டையில் இருப்பது உதிர்த்த மக்காச்சோள மணியா, உதிர்க்காத கதிரா என்பது தனிக் கேள்வி. ஒரு மூட்டைக் கதிரை 50 கிலோ மணி என்று போட்டுவிட்டால், அரைப்பட்டினி வீடு ஏட்டளவில் வசதியாகிவிடும். கிலோவுக்கு மாற்றும் அட்டவணை இருக்கிறது. வடக்கு, மத்தி, தெற்கு என்று பகுதிக்குப் பகுதி எண் மாறும். அதை ஒரு தாளில் எழுதி உள்ளே கொண்டுபோனேன். பாதி நேரம் அதிலேயே ஓடிவிட்டது. நல்லதுதான், எக்கனோமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்) பக்கம் யாரும் அதிகம் தோண்டவில்லை.

அப்புறம் 2008 மக்காச்சோள விலை. இந்தக் கேள்வி வராமல் போகாது. 2005-06-ல் உர மானியம் தொடங்கியது. 2007 மக்காச்சோள அறுவடை 30 லட்சம் டன்னைத் தாண்டியதாக அரசு சொன்னது, ஜிம்பாப்வேக்கு ஏற்றுமதியும் ஆனது. பிறகு 2008-ல் உள்ளூர்ச் சந்தையில் விலை ஏன் எகிறியது? மானியம் வெற்றி அல்லது தோல்வி என்று ஒரு கட்சி எடுத்துப் பேசினால் மாட்டிக்கொள்வீர்கள். விளைச்சல் மதிப்பீடே மிகையாக இருந்திருக்கலாம் என்பதிலிருந்து தொடங்குங்கள். நான் பிறவிச் சந்தேகப் பேர்வழி, எனக்கு இது ஒத்துவந்தது.

மற்றவை சுருக்கமாக:

- பேட்டி எடுத்த மாதம் முக்கியம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஒரே மழைக்காலம். ஜனவரி, பிப்ரவரியில் பல வீடுகளில் குதிர் காலி. பிப்ரவரியில் கேட்ட வீட்டையும் மே மாதம் கேட்ட வீட்டையும் அப்படியே ஒப்பிடாதீர்கள்.
- நிலத்துக்குத் தரவில் உள்ள ஜிபிஎஸ் அளவை எடுங்கள். விவசாயிகள் சின்ன நிலத்தைக் கூட்டியும் பெரிய நிலத்தைக் குறைத்தும் சொல்வது வழக்கம்.
- துவரை. தெற்கில் மக்காச்சோளத்தோடு ஊடுபயிர். மக்காச்சோளம் அறுத்துப் பல வாரம் கழித்துத்தான் அறுவடைக்கு வரும். பூஜ்யம் என்றிருந்தால் விளையவில்லையா, இன்னும் அறுக்கவில்லையா என்று பாருங்கள். ஆண்டுக்கு 50,000 டன் துவரை வாங்க இந்தியா 2021-ல் மலாவியோடு ஒப்பந்தம் போட்டது. இதையும் சொல்லிவைத்தால் அறையில் இறுக்கம் கொஞ்சம் தளரும்.

"மலாவிக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கட்டாயம் கேட்பார்கள். எங்கள் துறையில் ஒருவர் இதைச் சொல்லியே என்னைக் குத்திக்கொண்டிருந்தார். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். கூடவே கணக்கெடுப்பின் வினாப்பட்டியலில் எந்தக் கேள்வி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று எண்ணோடு சொல்லுங்கள். அதற்குமேல் யாரும் கிளறவில்லை.