கல்வெட்டில் இடம்பெறாத அம்மம்மா

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறைந்தால், 31 ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு வருபவர்களுக்குக் கல்வெட்டு எனப்படும் சிறு நினைவு நூலை அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம். முகப்பில் படம், உள்ளே தேவார திருவாசகங்கள், பின்னர் வாழ்க்கை வரலாறு, இறுதியில் வம்ச விருட்சம் என்று அதற்கென ஓர் ஒழுங்கு உண்டு. தாத்தாவின் கல்வெட்டில் அவர் படித்த பாடசாலை, ஆசிரியராகப் பணியாற்றிய ஊர்கள், கோயில் பரிபாலன சபையில் வகித்த பொறுப்பு, சனசமூக நிலையத்துக்கு ஆற்றிய தொண்டு எல்லாம் பக்கம் பக்கமாக நீண்டன. அம்மம்மாவின் கல்வெட்டிலோ, இன்னாரின் மகளாகப் பிறந்து இன்னாரைக் கைப்பிடித்து இல்லறத்தை நல்லறமாக நடத்தினார் என்ற ஒரே வாக்கியத்துக்குப் பிறகு பிள்ளைகளின் பெயர்களே வந்தன. அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த இல்லறத்தை அவர் எப்படி நடத்தினார் என்பதை யாரும் எழுதவில்லை. அதை எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்து வருகிறது.

அம்மம்மா வாழ்ந்த கோண்டாவில் வீடு அவருடைய சீதன வீடு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின் வழியில், சீதனமாகக் கிடைத்த வீடும் வளவும் பெண்ணுக்கே உரியவை. ஆயினும் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி அவற்றை அவள் விற்க இயலாது. அம்மம்மாவின் தாய்க்கும் அந்த வீடு சீதனமாகவே வந்தது. பின்னாளில் அம்மம்மா அதை என் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தார். ஊரார் தாத்தாவை முன்னிட்டு 'மாஸ்டர் வீடு' என்று அழைத்தாலும், உறுதிப் பத்திரத்தில் இருந்தது அம்மம்மாவின் பெயர்தான். வேலியில் நட்ட எந்தக் கதியால் தடியை எப்போது மாற்றினார்கள், எந்தப் பலாவின் சுளை எதற்கு ஆகாது, கிணற்றில் எந்த மாதத்தில் எத்தனை படி தெரியும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவருடைய நாள் விடியுமுன் முற்றம் கூட்டுவதில் தொடங்கி, இரவு படலையைச் சாத்துவதில் முடிந்தது. இடையில் நடந்த வேலைகளை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவர்; அவற்றை இங்கே அடுக்கப் போவதில்லை. நான் சொல்ல விரும்புவது அவர் ஓர் ஆண்டு முழுவதையும் முன்கூட்டியே கண்ட விதத்தை.

ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழத் தொடங்கியதும் அம்மம்மாவின் கணக்குத் தொடங்கிவிடும். அதிகாலையில் விழுந்த பழங்களைப் பொறுக்கி வந்து, அன்றைக்குப் பணியாரத்துக்கு எவை, பனாட்டுக்கு எவை என்று பிரிப்பார். பிசைந்து எடுத்த களியைப் பாயில் ஊற்றி, வெயிலில் காயவிட்டு, மறுநாள் அதன் மேல் இன்னொரு படை ஊற்றி, நாட்கணக்கில் பனாட்டைத் தடிக்கச் செய்வார். மேகம் கறுத்தால், யார் எந்த வேலையில் இருந்தாலும் அதை விட்டுவிட்டுப் பாயைத் தூக்க ஓடி வர வேண்டும். களி எடுத்த விதைகள் கோடிப்புறத்துப் பாத்திக்குப் போகும். தை, மாசியில் அந்தப் பாத்தியைக் கிண்டிக் கிழங்கு எடுப்பார்கள். சிலவற்றை அவித்து உடனே தின்போம். சிலவற்றை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சையாகவே கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியலை இடித்த மா மழைக்காலத்துக் கூழுக்காகப் பானைக்குள் போய்விடும். பழம் விழுந்த நாளிலிருந்து கூழ் காய்ச்சும் நாள்வரை ஓராண்டுக்கும் மேலாகிவிடும். அந்தக் காலம் முழுவதும், எது எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு மிஞ்சும், யாருக்கு எவ்வளவு கொடுத்தனுப்பலாம் என்பது ஒரு குறிப்பும் இல்லாமல் அவர் மனத்தில் இருந்தது.

கூழ் காய்ச்சும் நாளில் அவரருகில் நின்றுதான் நான் பொறுமையைப் பழகினேன். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, மீண்டும் ஊறவிட்டுக் கசப்பை நீக்குவார். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் பானைக்குள் போகும். செத்தல் மிளகாயை அம்மியில் அரைத்து, பழப்புளியில் கரைத்து, கடைசியில் மாவோடு சேர்ப்பார். அன்று அயல் வீட்டுப் பிள்ளைகளும் எங்களோடு வட்டமாக அமர்ந்து பனையோலைப் பிளாவில் கூழ் குடிப்பார்கள். வெள்ளிக்கிழமையில் மட்டும் இது நடவாது; அன்று மீன், இறைச்சி சமைக்கும் மச்சச் சட்டிகள் அடுக்களைக்கு வெளியே போய்விடும்.

போர்க்காலத்தில், 1990 இலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், மின்கலம் எல்லாம் அரசின் தடைப் பட்டியலில் இருந்தன. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுப் பஞ்சுத்திரி போட்ட விளக்கை, கவிழ்த்து வைத்த பெட்டியொன்றின் மேல் வைத்து, எங்களைச் சுற்றி இருத்திப் படிக்கச் சொல்வார். வாசிப்பு முடிந்ததும், பேசுவதற்கு வெளிச்சம் தேவையில்லை என்று அதை அணைத்துவிடுவார். சவர்க்காரம் கிடைக்காத மாதங்களில் பனம்பழக் களியைத் தேய்த்து எங்கள் வெள்ளைச் சீருடையைத் தோய்த்தார். போரின் வரலாற்றை எழுதுபவர்கள் எறிகணைகளையும் திகதிகளையும் எழுதுகிறார்கள், அது தேவையானதே. ஆனால் தடைக்காலம் முழுவதும் பிள்ளைகள் தோய்த்த உடையோடு பாடசாலைக்குப் போனார்கள் என்றால், அதற்குப் பின்னால் அம்மம்மாவைப் போன்ற ஆயிரமாயிரம் பெண்களின் கைகள் இருந்தன என்பதும் வரலாறுதான்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, எங்கள் ஊரும் அடங்கிய வலிகாமத்து மக்கள் அனைவரும் வெளியேறியபோது நாங்களும் புறப்பட்டோம். செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடப்பதற்கு இரவு முழுவதும் எடுத்தது, மழையும் பெய்தது. அந்த அவசரத்திலும் அம்மம்மா எடுக்க வேண்டியவற்றை ஒழுங்காக எடுத்திருந்தார்: வீட்டு உறுதி, எங்கள் பிறப்பத்தாட்சிகள், ஒரு பை குத்தரிசி, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, ஒரு போத்தல் கறித்தூள். தாத்தா சைக்கிளை உருட்ட, அதன் பின் இருக்கையில் இவை கட்டப்பட்டிருந்தன. "என்ன வந்தாலும் விடிஞ்சா பிள்ளையளுக்குப் பசிக்கும்" என்று அவர் சொன்னதாக அம்மா இன்றும் நினைவுகூர்வார்.

தென்மராட்சியிலுள்ள மட்டுவிலில் ஒரு தூரத்து உறவினரின் வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். போன மறுநாளே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, நிலத்தை மெழுகி, ஒரு மூலையில் சாமிப் படம் வைத்து, எந்தப் பக்கம் சமையல், எந்தப் பக்கம் படுக்கை என்று கோடு கிழித்தாற்போல் ஒழுங்கு செய்துவிட்டார். அடுத்த பங்குனித் திங்களில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலில் மற்ற இடம்பெயர்ந்த பெண்களோடு அவரும் பொங்கினார். அந்த ஊர்க் கத்தரிக்காயின் சுவையை அவர் பின்னர் எப்போதும் புகழ்ந்தார். ஊர் திரும்பிய பிறகும், சந்தையில் மட்டுவில் கத்தரிக்காய் என்றால் விலை பேசாமல் வாங்குவார். 1996 சித்திரையில் நாங்கள் திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை, கதவுகள் இல்லை, கிணற்றுக்குள் குப்பை. அவர் முதலில் கிணற்றை இறைப்பிக்க ஆள் பிடித்தார். அழுவதற்கான நேரத்தைப் பிறகுதான் எடுத்துக்கொண்டார்.

அவரைப் பற்றிய எல்லாவற்றையும் நான் போற்றிவிட முடியாது. ஆண்கள் சாப்பிட்ட பிறகு பிள்ளைகள், அதன் பிறகு மகள்மார், எல்லோரும் எழுந்த பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததோடு தான் என்ற வரிசையை அவர் ஒருநாளும் மாற்றவில்லை. அதைத் தியாகம் என்று பலர் பாராட்டுகிறார்கள். எனக்கு அது இன்றும் வலிக்கிறது. மீன் தலையைத் தவிர வேறு துண்டு பிடிக்காது என்று அவர் சொன்னதை நாங்கள் நம்பியிருந்தோம். கடைசிக் காலத்தில் அம்மா விளை மீனின் நடுத்துண்டை முள் நீக்கி ஊட்டியபோது அவர் அதை எவ்வளவு விரும்பி உண்டார் என்பதை நான் கண்டேன். ஒரு குடும்பத்தின் அன்பு ஒருவரின் பசியில் நிற்க வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆயினும் அந்த அன்பு எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை என் முதற் பிள்ளை பிறந்தபோது உணர்ந்தேன். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிவு வரை என் சாப்பாட்டை அவர் வேறு யாரிடமும் விடவில்லை. மிளகும் மல்லியும் சீரகமும் மஞ்சளும் உள்ளிப்பூண்டும் சேர்த்து அம்மியில் அரைத்த சரக்கில், மிளகாய் சேராத பத்தியக்கறி. நொச்சியும் ஆடாதோடையும் அவித்த தண்ணீரில் குளிப்பு. குனிய முடியாத வயதில் பேரப்பிள்ளையின் பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்ட முடியவில்லை என்று மிகவும் கவலைப்பட்டார். அதனால் வாங்கில் அமர்ந்து, என் அம்மாவின் கை எங்கே பிடிக்க வேண்டும், தண்ணீரை எந்தப் பக்கத்தால் வார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரவில் பிள்ளை அழுதால், "நீ படு மோனை, நான் வைச்சிருக்கிறன்" என்று கையை நீட்டுவார்.

ரொறன்ரோவில் இருக்கும் சித்தி ஒவ்வோர் ஆண்டும் அவருடைய கறித்தூளைப் பொதி போட்டு அனுப்பச் சொல்வார். அம்மம்மாவுக்கு அளவு கையில் இருந்ததே தவிரச் சொல்லில் இல்லை. எனவே ஒருமுறை, அவர் ஒவ்வொன்றையும் அள்ளித் தாச்சியில் போடுமுன் அம்மா அதைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டார். தன் கையை நம்பவில்லையா என்று அம்மம்மா முதலில் கோபித்தார். பிறகு, சரியாக எழுது என்று தானே மேற்பார்வை செய்தார். கல்வெட்டில் சேர்த்திருக்க வேண்டிய அந்தக் கணக்கை இங்கே தருகிறேன். செத்தல் மிளகாய் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 250 கிராம், மிளகு 100 கிராம், சின்னச்சீரகம் 100 கிராம், வெந்தயம் 50 கிராம், சில துண்டு மஞ்சள், இரண்டு கை கறிவேப்பிலை. மிளகாயை நன்றாக வெயிலில் காயவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே மெல்லிய நெருப்பில் வறுக்க வேண்டும். மிளகாய் கடைசியில், நிறம் கறுக்காமல். இடித்த தூளைப் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே போத்தலில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும்.