கடைசி இடத்துக்குக் கூட்டம், முதலிடத்துக்குக் காலி நாற்காலி

நியூயார்க் பேஸ்பால்னாலே யாங்கீஸ் அணிதான்னு நினைக்கிறவங்க 1964 கணக்கைக் கொஞ்சம் பாருங்க. அந்த வருஷம் யாங்கீஸ் அமெரிக்கன் லீக் (அமெரிக்காவோட ரெண்டு பெரிய பேஸ்பால் லீக்ல ஒண்ணு) சாம்பியன். சொந்த மைதானத்துக்கு வந்த கூட்டம் சுமார் 13 லட்சம். அதே ஊர் மெட்ஸ் அணி 109 ஆட்டம் தோத்து இன்னொரு லீக்கான நேஷனல் லீக்ல கடைசி. அவங்களுக்கு வந்ததோ 17 லட்சத்துக்கு மேல! மெட்ஸுக்காகப் புதுசா திறந்த ஷே ஸ்டேடியம் ஒரு காரணம். 1957ஓட நியூயார்க்கோட பழைய நேஷனல் லீக் அணிகளான டாட்ஜர்ஸும் ஜயன்ட்ஸும் கலிஃபோர்னியாவுக்கு மூட்டை கட்டிட்டதால அநாதையா நின்ன ரசிகர்கள் இன்னொரு காரணம். அவங்கள்ல பலர் செத்தாலும் யாங்கீஸுக்குக் கை தட்ட மாட்டாங்க.

1966 செப்டம்பர் 22 இன்னும் மோசம். 65,000 பேர் உட்காரக்கூடிய யாங்கீ ஸ்டேடியத்துல வெறும் 413 பேர். (நம்ம ஊர் கல்யாண மண்டபம் கூட நிறையாது.) டிவி வர்ணனையாளர் ரெட் பார்பர் கேமராவைக் காலி இருக்கைப் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பல. ஆட்டத்தை விட இந்தக் கூட்டம்தான் இன்னைக்குச் செய்தின்னு மைக்லயே சொல்லிட்டார். கொஞ்ச நாள்ல அவர் வேலையும் போச்சு.

கூட்டக் கணக்குல 1975 வரைக்கும் மெட்ஸ் கைதான் ஓங்கியிருந்துச்சு. 1976ல புதுப்பிச்ச ஸ்டேடியத்தோட யாங்கீஸ் முந்தினாங்க. 1984லேர்ந்து 1992 வரைக்கும் மறுபடி மெட்ஸ். அதுக்கப்புறம் பெரும்பாலும் யாங்கீஸ் ராஜ்ஜியம்தான்.

ஒண்ணு மட்டும் கவனிங்க: நேஷனல் லீக் 1992 வரைக்கும் வாசல் தாண்டி உள்ள வந்த தலைகளைத்தான் எண்ணுச்சு. வித்த டிக்கெட்டை எண்ண ஆரம்பிச்சது 1993லதான். டிக்கெட் வாங்கிட்டு வீட்லயே உட்கார்ந்தவங்க மெட்ஸோட பழைய கணக்குல கிடையாது.