வீவக வீட்டில் ஒரு ஃபைபர் லைன், ஐந்து கணினி

சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீட்டில் ஃபைபர் வந்து முடிகிற வெள்ளைப் பெட்டி பெரும்பாலும் வாசல் கதவுப் பக்கமோ, ஹாலில் டிவிக்குப் பின்னாலோ இருக்கும். புது பிடிஓ (பதிவு செய்த பிறகு கட்டித் தரும் வீவக) வீடுகளில் செருப்பு அலமாரிக்குள்ளேயே அடக்கிவிடுகிறார்கள். கணினிகளோ படுக்கையறைகளில். இரண்டுக்கும் நடுவே பாம் ஷெல்டர் என்ற பதுங்கறை! 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கட்டிய வீடுகளில் வரும் இந்த அறைக்குக் கம்பி பின்னிய தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. வைஃபை அலை இதற்குள் நுழைந்தால் செத்துத்தான் வெளியே வரும். ரவுட்டரை ஷெல்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, லைன் மோசம் என்று நிறுவனத்தைத் திட்டுவதில் பயனில்லை.

முதலில் லைனைச் சோதியுங்கள். ஒரு மடிக்கணினியைக் கேபிள் மூலம் நேராக ரவுட்டரில் செருகி, மற்ற எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு வேகம் பாருங்கள். 1 ஜிகாபிட் திட்டத்தில் 940 மெகாபிட் வந்தால் முழுதாக வருகிறது என்று பொருள். மீதி, தரவுப் பொட்டலங்களின் மேலுறைக்கே போய்விடும். 94 வந்தால் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. 100 மெகாபிட் இணைப்புக்கு எட்டுக் கம்பிகளில் நான்கு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலோ, கிளிப்பில் சரியாக உட்காராவிட்டாலோ இரண்டு முனைகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. விண்டோஸில் ஈதர்நெட் அமைப்பைத் திறந்தால் இணைப்பு வேகம் 1000 என்றோ 100 என்றோ போட்டிருக்கும். வேகம் குறைவு என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரி.

இணைக்கும் வரிசை இதுதான்: சுவரில் ஃபைபர் பெட்டி, அதிலிருந்து ஓஎன்டி (ஃபைபரின் ஒளியை மின்தரவாக மாற்றும் பெட்டி), அதிலிருந்து ரவுட்டரின் வான் (WAN, வெளி இணைப்பு) போர்ட், ரவுட்டரின் லேன் (LAN, வீட்டு இணைப்பு) போர்ட்டிலிருந்து கணினிகள். போர்ட் போதாவிட்டால் லேன் போர்ட்டில் ஒரு ஸ்விட்ச் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி). அந்த ஸ்விட்சை ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நிறுவனம் வீட்டுக்குத் தருவது வழக்கமாக ஒரே ஒரு ஐபி முகவரி. முதலில் எழுந்த கணினி அதைப் பிடித்துக்கொள்ளும், மற்றவை காத்துக் கிடக்கும். முகவரி கிடைத்த அந்த ஒன்றும் ரவுட்டரின் தடுப்பு இல்லாமல் நேராக இணையத்தில் நிற்கும். ஒரு வெளி முகவரியைப் பல கணினிகளுக்குப் பங்கிடுவது ரவுட்டரின் வேலை. உள்ளே ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று தொடங்கும் தனி முகவரி கொடுத்து, யார் கேட்டதற்கு எந்தப் பதில் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். ஸ்விட்சுக்கு அது தெரியாது.

பழைய ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகியும் இணையம் வராவிட்டால், நிறுவனத்தின் பக்கம் பழைய பெட்டியின் அடையாளம் இன்னும் நினைவில் இருக்கலாம். ஓஎன்டி, ரவுட்டர் இரண்டையும் அணைத்துச் சில நிமிடம் விட்டு, ஓஎன்டியை முதலில், விளக்குகள் நிலைத்ததும் ரவுட்டரை ஏற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் விலேன் எண் (ஒரே லைனில் வரும் இணையத்தையும் டிவியையும் பிரிக்கும் எண்). சிங்டெல்லில் இணையத்துக்கு 10, டிவிக்கு 20 என்பது வழக்கம். கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பலவற்றில் சிங்கப்பூர் நிறுவனங்களின் பெயர்களே பட்டியலில் இருக்கும், தேர்ந்தெடுத்தால் எண் தானாக அமைந்துவிடும். இல்லையென்றால் உதவி எண்ணில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது இரண்டாவது ரவுட்டர். சிக்னல் போதவில்லை என்று இன்னொன்றை வாங்கி, முதல் ரவுட்டரின் லேனிலிருந்து இரண்டாவதின் வானுக்குச் செருகிவிடுவார்கள். இணையம் வரும். ஆனால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலைகள் உருவாகிவிடும். ஹாலில் இருக்கும் பிரிண்டர் அறையிலிருக்கும் கணினிக்குப் பலசமயம் தெரியாது, விளையாட்டு இயந்திரம் நேட் (NAT, ரவுட்டர் செய்யும் அந்த முகவரிப் பங்கீடு) பற்றி முறையிடும். கட்டளைச் சாளரத்தில் டிரேஸ்ரூட் (தரவு போகும் வழியைக் காட்டும் கட்டளை, விண்டோஸில் tracert) போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு வரிகளிலும் 192.168 என்று வந்தால் இந்த நோய்தான். இரண்டாவது ரவுட்டரின் அமைப்பில் ஆக்சஸ் பாயிண்ட் முறை (முகவரி பங்கிடாமல் வைஃபை மட்டும் தருவது) இருந்தால் அதற்கு மாற்றினால் முடிந்தது. இல்லாத பழைய மாடலுக்குக் கைவேலை. முதலில் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால்). பிறகு டிஹெச்சிபியை (தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை வானில் செருகாமல் லேனிலேயே செருகுங்கள். முதல் ரவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரிகளை 100இலிருந்து தொடங்கும்படி வைத்தால் இந்த 2 யாரோடும் மோதாது. வரிசை முக்கியம். டிஹெச்சிபியை அணைக்காமல் செருகினால் இரண்டு பேரும் முகவரி பங்கிட்டு வீடே குழம்பும்.

இனி கம்பி. இடம் மாறாத கணினி எதுவானாலும் கம்பியில் போடுங்கள். வைஃபையை ஃபோனுக்கும் மடிக்கணினிக்கும் விட்டுவிடுங்கள். புது பிடிஓ வீடுகளில் அறைக்கு அறை தரவுப் பாயிண்ட் இருக்கிறது, அவற்றின் மறுமுனை எல்லாம் வாசல் பக்கத்துப் பெட்டியில் கூடும். அங்கே ஒரு ஸ்விட்சை வைத்துச் சிறு கேபிள்களால் இணைத்தால் போதும். பல வீடுகளில் இந்தப் பாயிண்ட்கள் தொடப்படாமலே கிடக்கின்றன! 5 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் 20, 30 வெள்ளிக்குள் சிம் லிம் ஸ்குவேரில் கிடைக்கும். ஒரே கேபிளின் இரு முனையையும் அதே ஸ்விட்சில் செருகிவிடாதீர்கள். சாதாரண ஸ்விட்சில் தரவு சுற்றிச் சுற்றி ஓடி வீட்டு வலை மொத்தமும் உறைந்துவிடும்.

பழைய வீட்டில் ட்ரங்கிங்தான் (கேபிளை மூடும் பிளாஸ்டிக் குழல்) வழி. பேஸ்போர்டை ஒட்டி வெள்ளை ட்ரங்கிங், உள்ளே கேட் 6 கேபிள். வாசலிலிருந்து கடைசி அறைக்கு வளைந்து நெளிந்து போனாலும் 25 மீட்டருக்கு மேல் பெரும்பாலும் ஆகாது, 100 மீட்டர் வரம்பு நமக்கு ஒரு கவலையே இல்லை. ஷெல்டர் சுவரைக் குடைந்து கேபிள் விடுவது மட்டும் வேண்டாம், அது குடிமைத் தற்காப்பு விதிக்குட்பட்ட சுவர். முனையை நீங்களே அடிப்பதானால் பி முறை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தைக் கட்டிப்பிடித்து நிற்பதை மறந்து நேர்வரிசையாகப் போடுபவர்களுக்குத்தான் வேகம் வராது.

கம்பி இழுக்க வீட்டு உரிமையாளர் விடவில்லையா? மெஷ் (பல வைஃபை பெட்டிகள் ஒரே வலையாக இயங்குவது). ஆனால் கடைசி அறையில் சிக்னல் இல்லை என்று அந்த அறைக்குள்ளேயே மெஷ் பெட்டியை வைக்கக்கூடாது. வராத சிக்னலை அது எங்கிருந்து எடுத்துத் தரும்? பாதி வழியில், நடைபாதையில் வையுங்கள். இரண்டு அலைவரிசை மட்டுமுள்ள மலிவு மெஷ்ஷில் அதே அலையில் வாங்கி அதே அலையில் கொடுப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மின்கம்பி வழி இணையம் தரும் பவர்லைன் பிளக் கடைசிப் புகலிடம். பெட்டியில் 1000 என்று அச்சிட்டிருந்தாலும் கையில் நூறு சொச்சம் வந்தால் நல்லது. சுவர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷனில் போட்டால் அதுவும் போச்சு.

அடுக்குமாடியில் மேல், கீழ், பக்கம் என்று எல்லா யூனிட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் கூச்சலிடும். அதில் 1, 6, 11 தவிர வேறு சேனல் போடாதீர்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 5 கிகாஹெர்ட்ஸில் 80 அகலம் சரியான சமரசம். 52இலிருந்து 144 வரையுள்ள சேனல்கள் காலியாக இருக்கும், ஆனால் ராடார் தென்பட்டால் ரவுட்டர் சட்டப்படி விலகியாக வேண்டும். திடீரென்று ஒரு நிமிடம் வைஃபை காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். 6 கிகாஹெர்ட்ஸை 2023இல் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஐஎம்டிஏ ஆணையம் திறந்துவிட்டது, ஆனால் கீழ் 500 மெகாஹெர்ட்ஸ் மட்டும். ஆக வைஃபை 7 விளம்பரத்தில் வரும் 320 அகலச் சேனல் இங்கே ஒன்றுதான் பொருந்தும்.

10 ஜி திட்டத்துக்குத் தாவுமுன் உங்கள் கணினியின் போர்ட்டைப் பாருங்கள். 1 ஜி போர்ட்டுக்கு எத்தனை ஜி வந்தாலும் 940தான். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பெரிய கோப்பு இறக்கினால்தான் வித்தியாசம் தெரியும், அப்போதும் நடுவிலுள்ள ஸ்விட்ச் 2.5 ஜியாவது இருக்க வேண்டும். ஒருவர் மேகத்துக்கு வீடியோ ஏற்றும்போது மற்றவரின் ஜூம் திக்குவதுதான் உங்கள் தொல்லை என்றால், வேகம் கூட்டுவதைவிட ரவுட்டரில் வரிசைக் கட்டுப்பாட்டை (QoS, தரவை முறைவைத்து அனுப்பும் வசதி) இயக்கி, மேலேற்ற வேகத்தை லைனின் 90 விழுக்காட்டில் கட்டுவது பலன் தரும். மலிவு ரவுட்டரின் சிப் இதைச் செய்யும்போது மூச்சுத்திணறி மொத்த வேகத்தையே இறக்கிவிடும். இயக்கிய பிறகு ஒருமுறை அளந்து பாருங்கள்.

அறை வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பவருக்கு விருந்தினர் வலை தனியாகக் கொடுங்கள், உங்கள் கணினியும் கோப்புகளும் அவர் கண்ணில் படாது. 2021 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கும் வைஃபை ரவுட்டர்களுக்கு எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் என்ற பழக்கம் கூடாது என்று விதி இருக்கிறது. அதற்கு முந்தைய பெட்டி இன்னும் ஓடுகிறதென்றால் நிர்வாகக் கடவுச்சொல்லை இன்றே மாற்றி, டபிள்யூபிஎஸ்ஸை (கடவுச்சொல் தட்டாமலே வைஃபையில் சேர்க்கும் வசதி) அணைத்துவிடுங்கள்.

ஓஎன்டியில் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் மேலே சொன்ன எதையும் தொடாதீர்கள். ஒளியே வரவில்லை. சோபாவை நகர்த்தும்போது மஞ்சளோ வெள்ளையோ ஆன அந்த மெல்லிய ஃபைபர் கயிறு மடிந்திருக்கிறதா, பச்சை முனை முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.