ஆர்எக்ஸ்-7-இல் ஒற்றை டர்போ மேனிஃபோல்ட்: நட்டு முறுக்கும் முன்

மஸ்டா எஃப்டி ஆர்எக்ஸ்-7-இன் 13பி-ஆர்இடபிள்யூ ரோட்டரி எஞ்சினில் இரட்டை டர்போவைக் கழற்றி ஒற்றை டர்போ போடுவதென்றால் பாதி வேலை கழற்றுவதில்தான். எக்ஸாஸ்ட் ஸ்டட்கள் (புகைப்பக்கம் நட்டு ஏறும் திருகாணிகள்) சூட்டில் இறுகிக் கிடக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அசையாவிட்டால் நட்டைச் சூடாக்குங்கள். பலம் காட்டினால் ஸ்டட் முறிந்து எஞ்சின் ஹவுசிங்கிலேயே (ரோட்டரைச் சுற்றியுள்ள கூடு) தங்கிவிடும்.

புது மேனிஃபோல்டில் (எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி), எஞ்சினோடு ஒட்டும் தட்டையான ஃபிளாஞ்சில் நேர்க்கோலை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். வெல்டிங்கில் வளைந்த ஃபிளாஞ்சை எந்த கேஸ்கெட்டும் (கசிவு அடைக்கும் தகடு) காப்பாற்றாது. மெஷின் ஷாப்பில் கொடுத்துச் சமன் செய்வதே வழி. பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக முறுக்குங்கள். ஒருமுறை சூடேறி ஆறியதும் மறுபடி சரிபாருங்கள். கனமான டர்போவுக்குத் தாங்கி இல்லையென்றால் வெல்ட் மூட்டில்தான் விரிசல் விழும்.

மிகுதிப் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வான வேஸ்ட்கேட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அதன் குழாய் புகையோட்டத்தின் போக்கிலேயே பிரிய வேண்டும். செங்குத்தாக ஒட்டியிருந்தால் புகை அந்தப் பக்கம் திரும்பாது, பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) கட்டுப்பாடின்றி ஏறும். அப்போது எரிபொருள் போதாமல் டெட்டனேஷன் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) வந்தால் முதலில் உடைவது ரோட்டர் முனையிலுள்ள ஏபெக்ஸ் சீல். எரிபொருள் பீய்ச்சும் கம்பெனி இஞ்செக்டர்கள் நிமிடத்துக்கு 550, 850 சிசி அளவு கொண்டவைதான். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான கம்பெனி ஈசியு-வும் இரட்டை டர்போவுக்கானது. டியூனிங் முடியும்வரை பூஸ்ட் ஏற்றாதீர்கள்.

டர்போவின் ஆயில் வடிகுழாய் எங்கும் மேலேறாமல் சரிந்தே இறங்கட்டும். தேங்கினால் சீல் வழியே கசிந்து வெண்புகை கக்கும்.